மாட்டிலிருந்து ஒரு மனுஷன்... கூகையிலிருந்து ஒரு சனம்! கதாபாத்திரம் உருவாக்கக் கரிசல் மண் சொல்லித்தரும் பாடங்கள்

ஊர்ப்பக்கம் ஒருத்தரைப் பத்திச் சொல்லும்போது கவனிச்சிருக்கீங்களா? உயரம், நிறம், வேலை எல்லாம் அப்புறம்தான் வரும். "ஆளு நரி, பார்த்துப் பேசுங்க", "அவன் பூனை மாதிரி, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது", "அது எருமை, மழை பெஞ்சாலும் அசையாது" என்று ஒரே சொல்லில் முழு ஆளையும் கண்முன்னால் நிறுத்திவிடுவார்கள். கதை எழுதுகிறவர்களும் குறும்படம் எடுக்கிறவர்களும் பக்கம் பக்கமாக எழுதிச் செய்ய நினைப்பதை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தா மூணு எழுத்தில் முடித்துவிடுகிறார்.

ஆனா, அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டால் அது பட்டப்பெயர். அதைத் தாண்டிப் போனால்தான் கதாபாத்திரம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடப்பது எப்படி? தென்காசி மாவட்டம் மேலநீலிதநல்லூரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், அதற்குள்ளேயே இதற்கான பாடங்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. கோயில் புராணத்திலும் இருக்கின்றன, நாவலிலும் இருக்கின்றன, ஆட்டுக்கிடையிலும் இருக்கின்றன.

இரண்டு பாம்பு... ஒரே ஒரு வாக்குவாதம்!

முதல் பாடம் பக்கத்திலேயே, சங்கரன்கோவிலில் இருக்கிறது. ஆடித்தபசுக்குப் போனவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சங்கனுக்குச் சிவன்தான் பெரியவர், பதுமனுக்குத் திருமால்தான் பெரியவர். பேச்சு வளர்ந்து, தீர்ப்பு கேட்டு அம்மனிடம் போகிறார்கள். அம்மன் தபசு இருக்க, பாதி சிவனும் பாதி திருமாலுமாக சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிறார். அம்மனுக்குக் கோமதி, ஆவுடையம்பிகை என்று பெயர். தபசுக்குத் துணையாகத் தேவலோகப் பெண்கள் பசுக்களாக வந்தார்கள் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் காரணம். 'கோ' என்றாலும் 'ஆ' என்றாலும் பசுதானே!

பக்தியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, எழுதுகிறவர் கண்ணால் இதைப் பாருங்க. இரண்டு பேருமே பாம்பு. உடம்பு ஒன்று, விஷம் ஒன்று, புற்றும் ஒன்று. வித்தியாசம் எங்கே இருக்கிறது? நம்பிக்கையில். அதாவது, 'பாம்பு என்றால் கெட்டவன்' என்கிற சுலபமான வழியை இந்தக் கதை எடுக்கவே இல்லை. ஒரே இனத்தில் இரண்டு பேரை எடுத்து, ஆளுக்கொரு பிடிவாதத்தைக் கொடுத்து, எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது. நீங்களும் இப்படிச் செய்து பார்க்கலாம். கதாநாயகனைச் சிங்கமாகவும் வில்லனை ஓநாயாகவும் யோசிப்பதற்குப் பதிலாக, இரண்டு பேரையும் ஒரே விலங்காக யோசிச்சுப் பாருங்க. அண்ணன் தம்பி சண்டைக்கும் பங்காளித் தகராறுக்கும் இதைவிடப் பொருத்தமான அஸ்திவாரம் கிடைக்காது.

சிறகு போனது, பார்வை இருந்தது

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் கழுகுமலை. வெட்டுவான் கோயில் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஆனால், ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு கதாபாத்திரம் உட்கார்ந்திருக்கிறது. ஜடாயுவின் அண்ணன் சம்பாதி, முருகனை வழிபட்ட மலை இது என்கிறது தலபுராணம்.

ராமாயணத்தில் சம்பாதிக்குக் கிடைப்பது சின்ன இடம்தான். ஆனா, எவ்வளவு கச்சிதமான பாத்திரம்! அண்ணனும் தம்பியும் சூரியனை நோக்கிப் பறக்கிறார்கள். வெப்பத்தில் தம்பி கருகப் போகிறான். அண்ணன் தன் சிறகை விரித்து அவனுக்கு நிழல் கொடுக்கிறார். தம்பி தப்பிக்கிறான், அண்ணனின் சிறகு எரிந்துபோகிறது. அதன் பிறகு பறக்கவே முடியாமல் ஒரே இடத்தில் கிடக்கிறார். தம்பி செத்த செய்திகூட அவருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. ஆனால், கழுகின் கண் மட்டும் அவரிடம் மிச்சம் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் சீதை இருப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொல்கிறார்.

ஒரு விலங்கை எடுக்கும்போது அதன் பலத்தை மட்டும் எடுக்காதீங்க. அதன் உடம்பில் எது போனால் அது அதுவாகவே இருக்க முடியாதோ, அதைப் பிடுங்கிவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறதென்று பாருங்க. பறக்க முடியாத கழுகுதான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி ஊரில் நடப்பதையெல்லாம் கணிக்கும் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். ஓட முடியாத வேட்டைநாய்தான் முட்டி தேய்ந்துபோன பழைய கபடி வீரர்.

கொக்கு மட்டும்தான் சாட்சி

'இதெல்லாம் வெளிநாட்டு எழுத்துப் பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித்தருவது' என்று நினைத்தால், நம்மாட்கள் இதற்கு இலக்கணமே எழுதி வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் என்று ஒரு பட்டியல் தருகிறது. தெய்வம், உணவு, மரம், பறை, தொழில் இவற்றோடு விலங்கும் பறவையும் அதில் உண்டு. இந்தக் கருப்பொருளை வைத்து மனித மனதைச் சொல்லும் உத்திக்கு 'உள்ளுறை உவமம்' என்று பெயர். 'அவன் எருமை மாதிரி' என்று கவிஞர் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார். குளத்தில் இறங்கிய எருமை தாமரையை மிதித்துக் கொண்டு போவதைக் காட்டுவார். வீட்டைவிட்டுப் பரத்தையிடம் போன கணவன் என்ன செய்தான் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

குறுந்தொகையில் கபிலர் பாடிய 25-வது பாட்டு இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ரகசியமாக நடந்த காதலுக்குச் சாட்சி யாருமில்லை, ஓடும் நீரில் மீனுக்காகக் காத்துநின்ற ஒரு கொக்கைத் தவிர என்கிறாள் தலைவி. கொக்கு அங்கே எதுவுமே செய்யவில்லை. தன் இரையை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆனால், கைவிட்டுவிடுவானோ என்று பயப்படும் ஒரு பெண்ணின் நிலைமை மொத்தமும் அந்தக் கொக்கின் அலட்சியத்தில் இருக்கிறது. அவனைப் பற்றியும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது என்று சேர்த்துப் படித்தாலும் தப்பில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஆளையே விலங்காக மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை என்பதைத்தான். ஆளுக்குப் பக்கத்தில் ஒரு விலங்கை நிறுத்தினாலே போதும். கோபத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமியாரைப் பற்றி நாலு வரி எழுதுவதற்குப் பதில், அவர் காலடியில் அடைகாக்கும் கோழி யார் கிட்டப் போனாலும் சிலிர்ப்பதைக் காட்டிவிடலாம்.

முகத்தை விடுங்க... நடையை எடுங்க!

சினிமாக்காரர்களுக்கு ஒரு பிரபலமான உதாரணம் ஜப்பானிலிருந்து. அகிரா குரோசாவா 1950-ல் எடுத்த 'ராஷோமோன்' படத்தில், தஜோமாரு என்கிற கொள்ளைக்காரனாக நடித்தவர் தோஷிரோ மிஃபுனே. படப்பிடிப்பு சமயத்தில் ஒரு காட்டு விலங்குப் படத்தைப் பார்த்த குரோசாவா, அதில் திரிந்த சிங்கத்தைக் காட்டி, 'தஜோமாரு இப்படித்தான் இருக்கணும்' என்று மிஃபுனேயிடம் சொன்னாராம். படத்தில் மிஃபுனேயைப் பாருங்க. சிங்கம் மாதிரி எங்கேயும் மேக்கப் கிடையாது. சோம்பலாகப் படுத்திருப்பார், உடம்பைச் சொறிவார், கொசுவை அடிப்பார், சட்டென்று எழுந்து பாய்வார். சிங்கத்தின் பிடரி அந்தப் பாத்திரத்துக்குள் வரவே இல்லை, அதன் சோம்பலும் பாய்ச்சலும்தான் வந்திருக்கின்றன.

கேரளத்துக் களரியில் யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, மயில் என்று ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு நிலை உண்டு. அங்கேயும் உருவத்தைக் காப்பி அடிப்பது கிடையாது. எடையை எங்கே தாங்குகிறது, எப்படிப் பதுங்குகிறது, எந்த நொடியில் கிளம்புகிறது என்பதுதான் விஷயம். எழுதும்போதும் அப்படியே. 'அவன் கண்கள் புலியைப் போல் இருந்தன' என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. பேசுவதற்கு முன் எவ்வளவு நேரம் அசையாமல் இருப்பான், கூட்டத்தில் எந்த மூலையில் நிற்பான், சாப்பாட்டை எப்படிச் சாப்பிடுவான் என்பதெல்லாம் இருந்தால்தான் ஆள் நடமாட ஆரம்பிப்பான்.

நரி என்றால் நரி மட்டும்தானா?

ஒரே குணத்துக்கு ஒரே விலங்கு என்கிற வழியும் பழசுதான், அதிலும் நல்ல படைப்புகள் உண்டு. பஞ்சதந்திரத்தில் வரும் கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகள் அரசவை மந்திரிகளேதான். இங்கிலாந்தில் பென் ஜான்சன் 1606 வாக்கில் மேடையேற்றிய 'வோல்போன்' நாடகத்தில் மனிதர்களுக்கே விலங்குப் பெயர்கள். நரி என்கிற பணக்காரன் சாகப்போவதாக நடிக்கிறான், சொத்துக்கு ஆசைப்பட்டுப் பிணந்தின்னிக் கழுகும் காக்கையும் வரிசையில் வருகிறார்கள், வேலைக்காரனுக்குப் பெயர் ஈ. நையாண்டிக்கு இது அருமையாகப் பொருந்தும். ஆனா, மேடையில் வந்த முதல் நிமிஷத்தில் யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். கடைசிவரை அவர்கள் மாற மாட்டார்கள்.

மாறக்கூடிய ஒரு மனுஷன் வேண்டுமென்றால், ஊர்ப் பேச்சு சொல்லும் விலங்கை விட்டுவிட்டு நிஜ விலங்கைப் பார்க்கணும். சில உதாரணங்கள் இதோ...

* பச்சோந்தி: ஊர்ப் பேச்சில் சந்தர்ப்பவாதி. நிஜத்தில், பச்சோந்தியின் நிறம் மாறுவதற்கு அதன் மனநிலையும் உடல் சூடும் முக்கியமான காரணங்கள். எதிரியைக் கண்டால், இணையைக் கண்டால், குளிரெடுத்தால் மாறும். அப்படிப் பார்த்தால் பச்சோந்தி பொய் சொல்கிறவர் இல்லை. மனசில் இருப்பதை முகத்தில் மறைக்கத் தெரியாதவர்!

* கழுதை: ஊர்ப் பேச்சில் பிடிவாதம் பிடித்த மண்டு. நிஜத்தில், ஆபத்தென்று தோன்றினால் குதிரை மாதிரிப் பிய்த்துக்கொண்டு ஓடாமல், நின்று நிதானிக்கும் பிராணி. நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம். 'எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு, நீ மட்டும் ஏன் போடலை?' என்று குடும்பமே திட்டும் ஒரு அண்ணனை இதிலிருந்து எழுதலாம்.

* நரி: ஊர்ப் பேச்சில் தந்திரக்காரன். நிஜத்தில், ஆணும் பெண்ணும் ஜோடியாகவே வாழ்ந்து, சேர்ந்தே குட்டிகளுக்கு இரை கொண்டுவரும் குடும்பஸ்தன்.

* குயில்: ஊர்ப் பேச்சில் இனிமையாகப் பாடும் பெண். நிஜத்தில், நாம் ரசிக்கும் அந்தக் 'கூ... கூ...' ஆண் குயிலுடையது. புள்ளி போட்ட பெண் குயிலோ காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறக்கும்.

ஊர் சொல்வது ஒன்று, அந்த உயிர் செய்வது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் கதாபாத்திரம் இருக்கிறது. ஊர் அவரை என்னவென்று அழைக்கிறது, அவர் நிஜத்தில் என்னவாக இருக்கிறார் என்று இரண்டையும் எழுதினாலே பாதிக் கதை தயார்.

கூகை: திட்டையே திருப்பிப்போட்ட நாவல்

இந்த விஷயத்தில் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத ஒரு பக்கம் உண்டு. மனிதர்களை விலங்காகச் சொல்வதற்கு, கதை எழுதுவதைவிட இழிவுபடுத்தத்தான் உலகம் அதிகம் பழகியிருக்கிறது. நிறத்தை வைத்து, உடம்பை வைத்து, சாதியை வைத்து ஒருத்தரை விலங்கின் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சாதாரணமாக நடக்கிறது. யூதர்களை எலிகளாகவும் கிருமிகளாகவும் சித்திரித்தது நாஜிகளின் பிரசாரம். அந்த எலியையே கையில் எடுத்து, தன் அப்பா வதைமுகாமில் பிழைத்த கதையை 'மவுஸ்' என்று படக்கதையாக வரைந்தார் ஆர்ட் ஸ்பீகல்மேன். யூதர்கள் எலிகளாகவும் ஜெர்மானியர்கள் பூனைகளாகவும் வரும் அந்தப் புத்தகத்துக்கு 1992-ல் சிறப்பு புலிட்சர் விருது கிடைத்தது.

அதே துணிச்சலான காரியம் நம் கரிசல் மண்ணிலும் நடந்திருக்கிறது. கோவில்பட்டி பக்கத்து உருளைக்குடியைச் சேர்ந்த சோ.தர்மன், 2005-ல் 'கூகை' நாவலைக் கொண்டுவந்தார். 'சூல்' நாவலுக்காக 2019-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியவர். கூகையைப் பார்ப்பதையே அபசகுனம் என்பார்கள் ஊரில். முகம் கோரம், குரல் சாவுக்குரல் என்பார்கள். பகலில் வெளியே வந்தால் காக்கைகளும் மற்ற பறவைகளும் கூட்டம் சேர்ந்து கொத்தி விரட்டும். ஆனா, அது பலமில்லாத பறவையா? இரவில் அதற்கு நிகரான வேட்டைப் பறவை கிடையாது. வயலில் எலியைத் தின்று விவசாயிக்கு நல்லது செய்வதும் ஆந்தை இனம்தான்.

பலம் இருந்தும் விரட்டப்படும் அந்தப் பறவையைத்தான், கரிசல் கிராமங்களின் தலித் மக்கள் வாழ்க்கைக்குக் குறியீடாக எடுத்துக்கொண்டார் சோ.தர்மன். இங்கே விலங்கு ஒரு ஆளுக்கு முகமூடி கிடையாது. ஒரு சனத்தின் மொத்த வரலாறும் அதற்குள் இருக்கிறது. 'அசிங்கம்' என்று ஊர் சொன்னதை 'ஏன் அப்படிச் சொல்றீங்க?' என்று திருப்பிக் கேட்கிறது. படித்து முடித்தபின் கூகையின் குரல் கேட்டால், முன்னால் பயந்த மாதிரி பயப்பட முடியாது.

ஆடு தந்த அடைக்கலம்

சில சமயம் மனிதர்களைப் பற்றி எழுதவே முடியாத நிலைமை வரும். அப்போது விலங்குதான் எழுதுகிறவருக்கு அடைக்கலம். 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டதாகத் தானே அறிவித்தார் பெருமாள்முருகன். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு ஆதரவாக வந்தது. அதற்கடுத்து அவர் எழுதிய நாவல், 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. மனிதர்களைப் பற்றி எழுதவே பயமாக இருக்கிறது, ஆட்டைப் பற்றி எழுதலாம் என்கிற தொனியில் அதற்கு முன்னுரையும் எழுதியிருந்தார். ஒரு சின்னக் கறுப்பு ஆட்டுக்குட்டியின் வாழ்க்கையில் காதல், பசி, தாய்மை, அரசாங்கத்தின் கணக்கெடுப்பு, காது குத்தி அடையாளம் போடுவது என்று எல்லாம் வருகின்றன. யாரைப் பற்றிய கதை என்று படிக்கிறவருக்குத் தனியாகச் சொல்லத் தேவையே இல்லை.

சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959) இன்னொரு விதம். அப்பாவைக் கொன்ற காரி காளையை அடக்க வருகிறான் பிச்சி. கதை முழுக்க மாடும் மனிதனும் ஒருத்தரையொருத்தர் அளந்துகொண்டே இருக்கிறார்கள். காளைக்குப் பின்னால் ஜமீன்தாரின் கௌரவம் நிற்கிறது. அதனால் மாட்டைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியும் அதன் சொந்தக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறது.

நீங்க எப்படி ஆரம்பிக்கலாம்?

புலி, சிங்கம் தேடிப் போக வேண்டாம். மேலநீலிதநல்லூர் பக்கம் சாலையோரத்தில் நின்றாலே வெள்ளாடும் செம்மறியும் கண்ணில் படும். அதிலிருந்தே ஒரு பயிற்சி.

1. ஒரு மணி நேரம் பாருங்க. வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து நின்று, எட்டாத கருவேலங் கிளையை வளைத்துத் தின்னும். செம்மறி தலையைக் குனிந்தபடியே முன்னால் போகும் ஆட்டின் பின்னால் போகும். இந்தப் பக்கத்துக் கன்னி ஆட்டுக்குக் கறுப்பு முகத்தில் மேலிருந்து கீழாக இரண்டு வெள்ளைக் கோடு இருக்கும். குணத்தை எழுதாதீங்க, பார்த்ததை மட்டும் எழுதுங்க.

2. ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்க. உச்சி வெயிலில் நிழல் இல்லாவிட்டால் செம்மறிகள் கூட்டமாக நெருங்கி, ஒன்றின் வயிற்றுக்குக் கீழே இன்னொன்று தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கும். ஆளாளுக்கு இன்னொருத்தர் நிழலில் தலையை மறைத்துக்கொள்கிறார்கள். முதுகில் வெயில் எல்லாருக்கும்தான் அடிக்கிறது.

3. அதை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோங்க. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கடன்காரர் வந்தால் அப்பா, 'அம்மாட்ட கேளுங்க' என்பார். அம்மா, 'பெரியவன் வரட்டும்' என்பார். பெரியவன் தங்கச்சியின் சம்பளத்தைக் காட்டுவான். நாலு பேரும் செம்மறிகள். தங்கச்சி மட்டும் பின்னங்காலில் எழுந்து நிற்கும் வெள்ளாடு என்றால்? கதை கிளம்பிவிட்டது!

4. ஒரு முரணைச் சேருங்க. அந்தத் தங்கச்சிக்கும் ஏதாவது ஒரு இடத்தில் அடுத்தவர் நிழல் தேவைப்படட்டும். எல்லா நேரமும் வெள்ளாடாகவே இருந்தால் அவளும் பட்டப்பெயராகிவிடுவாள்.

5. விலங்கை அழிச்சிடுங்க. கடைசிப் பிரதியில் 'ஆடு' என்கிற சொல்லே வேண்டாம். வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரிப்பது மாதிரிதான் இது. படிக்கிறவருக்குச் சாரம் தெரியக் கூடாது, வீடு நிற்கணும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை

எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. இந்தக் கதாபாத்திரம் மாதிரியே இருக்கும் ஒருத்தர், உங்கள் தெருவிலேயே இருப்பவர், இதைப் படித்தால் என்ன நினைப்பார்? 'என்னைக் கேவலப்படுத்திட்டாங்க' என்று நினைப்பாரா, 'நான் இப்படித்தான், ஆனா இதை யாரும் கவனிச்சதில்லையே' என்று நினைப்பாரா? முதலாவது என்றால், நீங்கள் பார்த்தது அவரையும் இல்லை, அந்த விலங்கையும் இல்லை. ஊர் சொன்ன பட்டப்பெயரை மட்டும்தான். மறுபடியும் ஆட்டுக்கிடைக்குப் போய் இன்னொரு மணி நேரம் பாருங்க. ஆடுகளுக்கு அதில் ஒன்றும் ஆட்சேபம் இருக்காது!